மிச்சம் வந்தால்தான் தர்மமா?

மஸ்ஜிட் ஜாமேக் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, சோறு எப்படியும் கிடைச்சிடுது. கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்க ஓர் இடம் கிடைக்குமா?"

திரும்பும் வழியில் நண்பன் சொன்னான்: "சும்மா வீடு கொடுத்தா கட்டுப்படியாகுமா லா? மக்கள் பணம்டா அது."

அவன் கேட்டதில் தப்பில்லை. நம் கைக்காசில் அன்னதானம் செய்வது வேறு. ஊரார் வரிப்பணத்தைச் செலவழிப்பது வேறு. கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

கனடா பார்த்தது. 2009 முதல் 2013 வரை 5 நகரங்களில், மனநோயோடு வீடின்றித் தவித்த 2,000க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு முதலில் வீடு, பிறகு தொடர்ந்து உதவி. 'குடியை விட்டால்தான் வீடு' என்ற நிபந்தனை கிடையாது. மற்றவர்களுக்கு வழக்கமான உதவிகள் மட்டும். ஆய்வின் கடைசி 6 மாதங்களில், வீடு பெற்ற பிரிவில் 62 விழுக்காட்டினர் முழுநேரமும் வீட்டில் இருந்தார்கள். மற்றப் பிரிவில் 31 விழுக்காட்டினர்தான்.

செலவு? அதிக உதவி தேவைப்பட்டவர்களுக்குச் செலவிட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும் மருத்துவமனை, தற்காலிகத் தங்குமிடம் போன்ற செலவுகளில் 9.60 டாலர் மிச்சமானது. நடுத்தரத் தேவை உள்ளவர்களிடம் 3.42 டாலர்தான். ஆனால் ஏற்கனவே மிக அதிகச் செலவு வைத்த 10 விழுக்காட்டினரிடம் 21.72 டாலர்!

இதைப் படித்ததும் நண்பனை மடக்கிவிடலாம் என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறுத்தியது. மிச்சம்தான் காரணம் என்றால், அடிக்கடி ஆம்புலன்ஸில் போகிறவருக்கு வீடு கிடைக்கும். யாருக்கும் தொல்லை தராமல் ஓரமாகச் சுருண்டு படுக்கும் நம் பெரியவரால் அரசுக்குச் செலவே இல்லை. அப்போ அவருக்கு வீடும் இல்லையா?

எனக்குப் புரிந்தது இதுதான். 'வீடு கொடுப்பது வீண்செலவு' என்ற பேச்சுக்குக் கணக்கு பதில் சொல்லும். செலவில் பெரும்பகுதி சிலரிடம் திரும்பி வருகிறது. ஆனால் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதைக் கணக்கு சொல்லாது. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று வகுப்பில் படிக்கிறோமே, அது இங்கேதான் சோதிக்கப்படுகிறது. மிச்சமாகாத அந்த 6.58 டாலரையும் சேர்த்துக் கொடுக்க மனம் வருமா?

நண்பர்களே, அடுத்த முறை பொட்டலம் கொடுக்கும்போது இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஐசி இருக்கிறதா, மருந்து சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். வீடு கட்டித் தர நம்மால் முடியாது. வீட்டுக்குப் போகும் வழியில் கூட நடக்க முடியும்.