நான்காவது ஊசி

கோலா கங்சாரில் எங்கள் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மாலை சித்தாந்த வகுப்பு நடக்கும். எடுப்பவர் இளவயதில் கித்தாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறகு தோட்டப் பள்ளியில் வாத்தியார். அன்று நல்ல மழை, வந்தவன் நான் ஒருவன்தான். பாடம் நடக்கவில்லை. பேசியதை வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். குரு, சீடன் என்று போட்டிருப்பது பழைய நூல்களின் வழக்கம் பற்றி. அவர் பார்த்தால் சிரிப்பார்.

குரு: கையில் என்ன கட்டு?

சீடன்: பிளேக்கி கடித்துவிட்டான் ஐயா. ஏழு வருடத்தில் இதுதான் முதல் தடவை. தவறு என்னுடையதுதான், புண் இருக்கிற காலைத் தொட்டுவிட்டேன். சோப்புப் போட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டி ஊசியும் போட்டாயிற்று.

குரு: பிளேக்கி எப்போதோ செத்துப்போனதே.

சீடன்: அது மூன்றாவது பிளேக்கி, இவன் நான்காவது. தாத்தா காலத்தில் லயத்தில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. விடிவதற்கு முன்னால் அவரோடு பால்காட்டுக்குப் போகும். அது போன பிறகு வந்தவை எல்லாவற்றுக்கும் அதே பெயர். இவன் செம்மண் நிறம்.

குரு: சரி. காலில் என்ன?

சீடன்: ரொம்ப நாளாகத் தரையில் சொட்டுச் சொட்டாக இரத்தம் கிடந்தது. நீர்க்கடுப்பு என்று நினைத்துவிட்டேன். கிளினிக்கில் பார்த்தால் குறியில் கட்டி, காலிஃபிளவர் மாதிரி. புற்று என்றார்கள். நாய்க்கு நாய் ஒட்டுகிற புற்றாம், இணையும்போதும் நக்கும்போதும் பரவுமாம். காயடிக்காமல் ஆற்றங்கரையில் அவிழ்த்துவிட்டது நான்தானே. வாரம் ஒரு கீமோ ஊசி, நான்கிலிருந்து ஆறு வரை. முதல் இரண்டுக்கும் இரண்டு நாள் சோர்ந்து கிடந்தான், அவ்வளவுதான். மூன்றாவதில் காலை உதறிவிட்டான். மருந்து இரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்துவிட்டது.

குரு: எவ்வளவு மருந்து?

சீடன்: முழு ஊசியுமே ஒரு மில்லிகிராமில் பாதிகூட இல்லை. அதில் எத்தனை சொட்டு வெளியே போனதோ! உடனே வெதுவெதுப்பான துணி வைத்தார்கள். ஐஸ் வைத்துவிடாதே என்றார்கள். வேறொரு கீமோ மருந்துக்கு ஐஸ்தானாம், இதற்குச் சூடு. ஐந்தாம் நாள் தோல் வெடித்துவிட்டது. அந்த இடத்தை நக்கி நக்கி இன்னும் பெரிதாக்கிவிட்டான். இப்போது கழுத்தில் கூம்பு மாட்டியிருக்கிறேன். கதவிலும் பானையிலும் முட்டிக்கொண்டு திரிகிறான். நாளைக்கு நான்காவது ஊசி. போடாமல் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

குரு: என்ன மருந்து அது?

சீடன்: வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது.

அவர் எழுந்து மண்டபத்தின் ஓரம்வரை போனார். தூறலுக்கு அப்பால், மதிலடியில் ஊதாப்பூவாக அதே செடிதான் நின்றது. கோயிலுக்குக் கோயில் நிற்கிற செடி.

குரு: எங்கள் பாட்டி இதைச் சுடுகாட்டு மல்லி என்பாள். ஒரே செடிக்குக் கல்யாணி என்றும் பேர், சுடுகாடு என்றும் பேர்.

சீடன்: பக்கத்து வீட்டு மலாய் அம்மா கெமுந்திங் சீனா என்கிறார். நாயைத் தொடமாட்டார், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் விசாரிப்பார். இலையை அவித்துக் கொடுத்துப் பார் என்று ஒரு கொத்துப் பறித்தும் தந்தார்.

குரு: கொடுத்தாயா?

சீடன்: இல்லை. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டுமாம். அவித்த தண்ணீரில் மருந்து எவ்வளவு, விஷம் எவ்வளவு என்று யார் அளப்பது? 1950களில் கனடாவில் சர்க்கரை நோய்க்கென்று இந்த இலையைச் சோதித்திருக்கிறார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைப் பிடித்துக்கொண்டுதான் புற்றுக்கு மருந்து கண்டார்கள். அதாவது இன்று பிளேக்கியை வாட்டுகிற பக்கவிளைவுதான் முதலில் தெரிந்தது. மருந்து என்பது பிறகுதான்.

குரு: அப்புறம் ஏன் நாளைக்கு வேண்டாம் என்கிறாய்?

சீடன்: அம்மாவுக்குக் கீமோ கொடுத்தபோது "இன்னும் ரெண்டுதானம்மா" என்று சொல்ல முடிந்தது. அவர் ஒப்புக்கொண்டு கையை நீட்டினார். இவனிடம் எப்படிச் சொல்வேன்? இவனுக்கு அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு நாளைக்காக, அவனுக்குத் தெரிந்த ஒரே நாளை, இன்றைக்கை, நான் பிடுங்கிக்கொள்கிறேன். அதற்கு எனக்கு என்ன உரிமை?

குரு: "இன்னும் ரெண்டுதான்" என்றது அம்மாவுக்கு எப்போது உதவியது?

சீடன்: காரில் போகும்போது. ஆஸ்பத்திரி வராந்தாவில்.

குரு: இராத்திரி வாந்தி எடுக்கும்போது?

சீடன்: ... அப்போது சொல்லவில்லை. சொன்னாலும் காதில் விழுந்திருக்காது. நெற்றியைத் தாங்கிப் பிடிக்கச் சொல்வார். பேசினைப் பக்கத்தில் வைக்கச் சொல்வார்.

குரு: எண்ணத் தெரிந்தவளுக்கும் அந்த இராத்திரியில் எண்ணிக்கை உதவவில்லை. உன் கைதான் உதவியது. அந்த நேரத்தில் அம்மாவுக்கும் பிளேக்கிக்கும் நீ செய்ய வேண்டியதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

சீடன்: ஆனால் அம்மா கையை நீட்டினார் ஐயா. இவன் நீட்டவில்லை. கார்ச் சாவி சத்தம் கேட்டாலே பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறான். நான்தானே கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன்? துரோகம் மாதிரி இருக்கிறது.

குரு: அது ஊசியைப் பற்றிய பயம் இல்லையே, சாவியைப் பற்றியது. அதை ஆற்ற வழி இருக்கிறது. நடுவில் இரண்டு நாள் சும்மா காரில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்த் திரும்பு. சாவி என்றால் ஊசி என்று இருப்பது, சாவி என்றால் சில நாள் ஆறு என்று ஆகட்டும். உரிமை கேட்டாயே, அவன் சம்மதிக்கவில்லை என்பது உண்மைதான். அந்தக் கடன் உன் தலையில்தான் இருக்கும். தினசரி கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வா.

எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை, இன்றைக்கும்தான். ஆனாலும் எழுதியிருக்கிறேன்.

சீடன்: இதெல்லாம் அவன் வினையா ஐயா? போன பிறவியில்...

குரு: நிறுத்து. ஒரு ஜீவன் வலியில் கிடக்கும்போது அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறவன் உதவ வந்தவன் இல்லை. இன்னொன்று, இது அவனுடைய கட்டிதானா என்றே எனக்குச் சந்தேகம். ஒட்டுகிற புற்று என்றாயே, ஒட்டுவது கிருமியா?

சீடன்: கிருமி இல்லை ஐயா, அதுதான் ஆச்சரியம். ஒட்டுவது புற்றணுவேதான். 1876இல் நோவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் ஒரு நாயின் கட்டியை எடுத்து இன்னொரு நாயில் வளர்த்துக் காட்டினார். 2006இல் மரபணுவைப் பார்த்தபோது, கட்டி அது இருக்கிற நாயுடையதே இல்லை என்று தெரிந்தது. 2019இல் 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளை ஒப்பிட்டுவிட்டு, எல்லாம் ஆசியாவில் 4,000த்திலிருந்து 8,500 ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரே நாயிலிருந்து வந்தவை என்று கணக்கிட்டார்கள். அந்த நாய் செத்துவிட்டது. அதன் அணு மட்டும் நாய் மாற்றி நாயாக இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறது.

அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வேட்டியில் சாரல் பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. மாணவன் ஒருவன் நல்ல கேள்வி கேட்டுவிட்டால் அவர் முகம் இப்படித்தான் ஆகும்.

குரு: உடம்பு வேறு, உயிர் வேறு என்று நாற்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். உடம்புக்குள் வேறொருவன் உடம்பு குடியிருக்கும் என்று ஒரு நூலிலும் படித்ததில்லை. உயிர் போன பிறகும் விடாமல் பற்றிக்கொண்டு நிற்பது... 1876 என்றாயா? பிரேசிலிலிருந்து கித்தா விதையை விக்காம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோனதும் அந்த வருடம்தான். மறுவருடம் இந்த ஊரில் ஒன்பது கன்று நட்டார்கள். ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிற்கிறது. எங்கேயோ முளைத்தது எங்கேயோ வந்து வேர்விட்டு, உன் தாத்தாவையும் என் அப்பாவையும் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டது. சரி, அது வேறு கதை. இந்தக் கட்டி மருந்துக்குக் கரையுமா?

சீடன்: பெரும்பாலான நாய்களில் முழுதாகக் கரைந்துவிடும் என்கிறார்கள். நடுவில் விட்டால் திரும்ப வளரலாம். பாதியில் விட்ட கட்டி மருந்துக்கு மசியாமலும் போகலாம்.

குரு: அப்படியானால் நாளைக்குப் போகாமல் இருப்பது அவனுக்காக இல்லை. அவன் படுகிற பாட்டைப் பார்க்க உனக்குத் தாங்கவில்லை, அதற்குக் கருணை என்று பேர் வைக்கிறாய்.

சீடன்: (பேசவில்லை.)

குரு: வேறு புற்றாக இருந்தால் நானே வேறு சொல்வேன். நிணநீர்க் கட்டி என்றால், எத்தனை ஊசி போட்டாலும் ஓராண்டு அளவுதான் என்று என் மகள் வீட்டு நாய்க்குச் சொன்னார்கள். அங்கே எண்ண வேண்டியது நல்ல நாள் எத்தனை, கெட்ட நாள் எத்தனை என்று. கெட்ட நாள் மிஞ்சினால் நிறுத்து என்று முதல் நாளே காலண்டரில் கோடு போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். வலி வந்த பிறகு கோடு போட உட்கார்ந்தால் கை நடுங்கும். உன்னுடையது சில வாரக் கணக்கு. பொறு. ஆனால் பொறு என்பது அவனுக்குச் சொல்கிற சொல் இல்லை, உனக்குத்தான். அவனுக்கு என்ன செய்தாய்?

சீடன்: மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் வள்ளலார் பசி ஆற்றுவதைத்தானே எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறார்? அதனால் வாயைத் திறந்து ஊட்டிவிட்டேன்.

குரு: பசித்தவனுக்குச் சோறு. குமட்டுகிறவனுக்குச் சோற்றைத் திணித்தால் அது என்ன கருணை? உதட்டை நக்கிக்கொண்டே இருந்தானா? எச்சில் வடிந்ததா? புல்லைத் தேடினானா?

சீடன்: மூன்றும்தான்.

குரு: அது குமட்டல், பசி இல்லை. திணித்தால் அந்தச் சாப்பாட்டையே பிறகு வெறுத்துவிடுவான். டாக்டரிடம் சொல்லி வாந்தி நிற்க மருந்து வாங்கு, அதற்கென்று நல்ல மருந்து இருக்கிறது. பிறகு வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் இல்லாமல் கோழியை அவித்துக் கிள்ளி, குழைந்த சோற்றில் போட்டு, ஆறவிடாமல் வெதுவெதுப்பாக வை. வாசனைதான் முதலில் போய்ச் சேரும். வைத்துவிட்டு நகர்ந்து போ. முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்காதே. வலிக்கு வீட்டுப் பனடோல் கொடுத்தாயா?

சீடன்: அரை மாத்திரை கொடுக்கலாமா என்று எடுத்தேன். கொடுக்கவில்லை.

குரு: நல்ல வேளை. டாக்டர் அளவு சொல்லாமல் மனுஷ மாத்திரை எதுவும் நாய்க்கு ஆகாது. புண் வலிக்கு அவர்களிடமே கேள், கேட்காததால்தான் பாதிப்பேர் வாங்காமல் வருகிறார்கள். காய்ச்சல் பார்க்கிறாயா?

சீடன்: காலையும் மாலையும். நாய்க்கு 39 வரை இயல்பாம். 39.5ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை அணு குறைந்திருக்கிற நேரத்தில் சின்னத் தொற்றும் ஆளைத் தூக்கிவிடுமாம். மூத்திரத்தைக் கையுறை போட்டுத்தான் துடைக்கிறேன், சில நாள் அதில் மருந்து இருக்குமாம். முடி கொட்டவில்லை ஐயா. மீசை மட்டும் ஒரு பக்கம் உதிர்ந்துவிட்டது. முகத்தைப் பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது.

குரு: கூம்பை இராத்திரி முழுக்கப் போட்டிருக்கிறாயா?

சீடன்: போட்டால் தூங்கமாட்டேன் என்கிறான். கழற்றினால் புண்ணை நக்குகிறான்.

குரு: நீ பக்கத்தில் படுத்துக்கொள்கிற நேரத்துக்கு மட்டும் கழற்று. பாயைத் தரையில் போடு. புண்ணில்லாத பக்கம் கையை வை, தடவாதே, சும்மா வைத்திரு. அவன் நக்கப் போனால் உன் கைக்குத் தெரியும்.

சீடன்: கிளினிக்கின் மேல் கோபம் வருகிறது ஐயா.

குரு: வரும். நான் பால் வெட்டும்போது மரத்தோடு ஒட்டி ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு உளியை இழுக்க வேண்டும். அதைத் தாண்டினால் காயமரம். நான் எத்தனை மரத்தைக் காயப்படுத்தியிருக்கிறேன் என்று கங்காணிக்குத்தான் தெரியும். காயம் பட்ட இடத்தில் மறுநாள் உளியை வைக்கமாட்டோம். நாளைக்கு வேறு காலில் போடச் சொல். உதறாமல் இருக்க இன்னொரு ஆள் பிடிக்கட்டும், நீ தலைப்பக்கம் நில். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் போடச் சொல். அணு குறைவென்றால் ஒரு வாரம் தள்ளுவதில் குற்றமில்லை. விட்டுவிடுவது வேறு, தள்ளுவது வேறு.

சீடன்: அவன் என்னை மன்னிப்பானா?

குரு: அவனுக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது. மழை விட்டுவிட்டது, போ. கோழி வாங்கிக்கொண்டு போ.

மறுநாள் வெள்ளை அணு குறைவாக இருந்தது. நான்காவது ஊசியை அடுத்த சனிக்கிழமை பின்னங்காலில் போட்டார்கள். மொத்தம் ஐந்து ஆயிற்று. கட்டி இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. இடது முன்னங்காலில் ஐம்பது காசு அளவுக்கு ஓர் இடத்தில் முடி முளைக்கவில்லை. கழுவும்போது அங்கே கை பட்டால் காலை இழுத்துக்கொள்கிறான்.