வேரைப் பார்த்தீர்களா?

ஒரு மிளகாய்ச் செடியைக் கொண்டு கர்த்தர் என்னோடு பேசினார். அதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏவப்படுகிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் என் மனைவி ஆறு மிளகாய் நாற்றுகளைத் தொட்டிகளில் நட்டிருந்தாள். ஐந்து செடிகள் இடுப்பளவு வளர்ந்து காய்க்கத் தொடங்கின. ஒன்று மாத்திரம் மூன்று மாதமாகியும் ஒரு சாண் உயரத்திலேயே நின்றது. இலைகள் மஞ்சள் நிறம். நுனி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. அந்த நிலையிலும் அதில் நாலு பூ!

நான் அதற்காகப் பாரப்பட்டேன். காலையிலும் தண்ணீர், சாயங்காலமும் தண்ணீர். போதாததற்கு ஒரு கைப்பிடி யூரியாவும் போட்டேன். இலையின் ஓரமெல்லாம் கருகிவிட்டது. என் மனைவி சொன்னாள்: "ஏங்க, இது தேறாதுங்க. பிடுங்கிட்டு வேற வைக்கலாம்."

அந்த வாரம் நம் சபையின் வயதான தாயார் ஒருவர் ஜெபத்திற்காக வீட்டுக்கு வந்தார்கள். இராமநாதபுரம் பக்கம் முண்டு மிளகாய் போட்ட குடும்பம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றதே, அந்தக் குண்டு மிளகாய்தான். அங்கே அது பெரும்பாலும் மழையை நம்பி விளைகிற பயிர். அந்த அம்மா செடியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"பாஸ்டர் ஐயா, இலையப் பாத்துப் பாத்து மருந்து போட்டிருக்கீக. வேரப் பாத்தீகளா? மிளகாய்க்குத் தண்ணி குடுக்கலாம்யா, தண்ணியில நிக்க வைக்கக் கூடாது."

தொட்டியைக் கவிழ்த்தோம். நாற்றம் அடித்தது. அடியிலிருந்த துளைகள் மண்ணால் அடைபட்டு, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றிருந்தது. வேர்கள் பழுப்பாகி, தொட்டால் வழுவழுவென்று கையோடு வந்தன. வேருக்கும் காற்று வேண்டும். சேற்றிலே அது மூச்சுத் திணறி அழுகும். அழுகின வேர் தண்ணீரை உறிஞ்சாது, செடி வாடும். வாடுகிறதே என்று நான் இன்னும் ஊற்றினேன். என் அன்பே அதைக் கொன்றுகொண்டிருந்தது! நடுவிலே இரண்டு மூன்று வேர்கள் மாத்திரம் வெள்ளையாக இருந்தன. "வெள்ளை வேர் இருக்குல்ல, உசிரு இருக்குய்யா" என்றார்கள் அந்த அம்மா.

அன்று இரவு முழங்காலில் நின்றபோது, ஒரு வாலிபத் தம்பியின் முகம் எனக்கு முன்பாக வந்தது. எட்டு மாதமாக ஆராதனைக்கு வராதவர். நான் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்று முறையும் வசனம் சொன்னேன், கண்டித்தேன், உபவாசிக்கச் சொன்னேன். எல்லாம் தண்ணீர்தான். அவருடைய வேரை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. "இனி அவர் தேறமாட்டார்" என்று மூப்பர்களிடத்தில் சொன்னதும் இந்த வாய்தான்.

தேவப்பிள்ளைகளே, லூக்கா 13-ம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன கனியற்ற அத்திமர உவமையை வாசித்துப் பாருங்கள். மூன்று வருஷம் கனி தேடி ஏமாந்த எஜமான் வெட்டச் சொல்கிறான். தோட்டக்காரனோ இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறான். முதலாவது கொத்துவேன், அதற்குப் பின்பு எரு போடுவேன் என்கிறான். அந்த வரிசையைக் கவனியுங்கள். நான் கொத்தாமலே எரு போட்டவன்!

அந்தத் தாயார் சொன்னபடி செய்ததில் மூன்று பாடங்களைக் கற்றுக்கொண்டேன்.

1. அழுகினதை அகற்றி, சிறிய இடத்தில் வைக்க வேண்டும். கெட்ட வேர்களைக் கத்தரித்து, செம்மண், மணல், மட்கின சாணி எரு கலந்து, துளையுள்ள சின்னத் தொட்டிக்கு மாற்றினோம். பெரிய தொட்டியானால் ஈரம் காயாமல் மறுபடியும் அழுகுமாம். நாலு நாள் நிழல், பிறகு காலை வெயில். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்தால்தான் தண்ணீர். புதுத் துளிர் வரும்வரை வேறு உரம் கிடையாது.

2. பூவைக் கிள்ள வேண்டும். எனக்கு மனசே வரவில்லை. "கஷ்டப்படுற செடிதான்யா அவசரமாப் பூக்கும். கிள்ளுனாத்தான் வேருக்குப் பலம் போகும்" என்றார்கள். ஞானஸ்நானம் எடுத்து ஆறே மாதத்தில் அந்தத் தம்பியை வாலிபர் தலைவராக்கி மைக்கைக் கையில் கொடுத்தவன் நான்தானே! பூவைப் பார்த்து மகிழ்ந்தேன். வேர் தாங்குமா என்று கேட்கவில்லை.

3. இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இலைப்பேன் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்கால வேளையில் இலையின் அடியிலே தெளித்தோம். வாரம் ஒருமுறை, விடாமல். ஒருநாள் உபவாசத்தோடு முடிகிற காரியம் அல்ல இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருட்டு வைரஸ் வந்த செடிக்கு மருந்து இல்லை. மற்றச் செடிகளைக் காக்க விவசாயி அதைப் பிடுங்கத்தான் வேண்டும். செடிக்கு அது சரி. ஆனால் ஒரு மனுஷனைப் பார்த்து, "இது தேறாது" என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைக் கர்த்தர் எனக்குத் தரவில்லை.

நான் நாலாவது முறையாக அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். வேதாகமத்தைத் திறக்கவில்லை. "தம்பி, என்னை மன்னிச்சிருங்க. வீட்ல எப்படி இருக்கு?" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அழுதார். வேலை போய்விட்டது, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. "எல்லாருக்கும் முன்னால சாட்சி சொன்ன வாய், ஐயா. இப்ப எந்த மூஞ்சியோட வர்றது?" என்றார். அதுதான் வேர். எட்டு மாதம் அது எனக்குத் தெரியாது!

செடியில் ஐந்தாம் வாரம் பச்சைத் துளிர் விட்டது. இன்றைக்கு அதில் ஏழு மிளகாய் தொங்குகிறது. மற்ற ஐந்து செடிகளுக்கு அது சமமல்ல. ஆனாலும் குழம்புக்குப் போட்டால் உறைக்கிறது, ஸ்தோத்திரம்! தம்பி போன மாதத்திலிருந்து கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார். இன்னும் வாய் திறந்து பாடவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த அத்திமரம் காய்த்ததா இல்லையா என்று ஆண்டவர் உவமையிலே சொல்லவில்லை. கொத்துகிறது நம்முடைய வேலை. விளையச்செய்கிறது அவருடைய வேலை.

பிரியமானவர்களே, யாரை நீங்கள் மனதிலே பிடுங்கிப் போட்டுவிட்டீர்கள்? உங்கள் மகனையா? மருமகளையா? ஒரு காலத்தில் அனலாயிருந்த உங்களையேவா? இந்த வாரம் போய் வேரைப் பாருங்கள். எழுப்புதல் மேடையிலே மாத்திரம் அல்ல, மண்ணுக்குள்ளேயும் தொடங்கும்.

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, வேரைப் பாராமல் நியாயந்தீர்த்த எங்களை மன்னியும். எங்களுக்காகத் தவணை கேட்டவருடைய பொறுமையை எங்களுக்கும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.