அச்சமும் எச்சரிக்கையும்

மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, ஒரு காகித உறையில் மாத்திரைப் பட்டியலையும், உண்ணத் தக்கவை தகாதவை பற்றிய குறிப்பையும் எடுத்து வருகிறார். அந்த உறையில் இல்லாத ஒன்றும் அவருடன் வந்து சேர்கிறது. அதுதான் பயம். மாத்திரைக்கு வேளை உண்டு. பயத்திற்கு வேளை கிடையாது. மாடிப்படி ஏறும்போது வரும். நள்ளிரவில் இடப்பக்கம் திரும்பிப் படுக்கும்போது வரும். வாசலில் சாத்தி வைத்திருக்கும் பழைய சைக்கிளைப் பார்க்கும்போதும் வரும்.

'இனி நான் இதில் ஏறலாமா?' என்று அவர் கேட்கிறார். பார்வைக்கு இது மருத்துவம் பற்றிய கேள்வி. இதன் ஒரு பகுதிக்கு மருத்துவரால் விடை கூற முடியும். அவரைக் கேளாமல் எதையும் செய்யக் கூடாது. ஆனால் மற்றொரு பகுதி மருத்துவரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. என்றேனும் நின்றுவிடக் கூடியது என்று ஐயமறத் தெரிந்துவிட்ட ஓர் இதயத்தை வைத்துக்கொண்டு மனிதன் எவ்வாறு வாழ வேண்டும்? 'வேண்டாம்' என்று உள்ளிருந்து ஒரு குரல் எழும்போது, அதைச் சொல்வது அச்சமா, விவேகமா? இரண்டும் ஒரே சொல்லைத்தானே சொல்கின்றன! இதைச் சற்று ஆராய்வோம்.

இந்தத் தடுமாற்றம் தனிமனிதர்களுக்கு மட்டும் உரியதன்று. மருத்துவ உலகமே இதில் நெடுங்காலம் தடுமாறியிருக்கிறது. நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்து, நின்றவுடன் தணிந்துவிடும் வலியைப் பற்றி வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிய கட்டுரை 1772-இல் அச்சாயிற்று. அவர் போகிற போக்கில் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்: நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதைத் தமக்குரிய வேலையாக வைத்துக்கொண்ட நோயாளி ஒருவர் ஏறக்குறையக் குணமடைந்துவிட்டாராம். அந்தக் குறிப்பைப் பின்வந்தோர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தினார்கள். தாமாகப் புரண்டு படுக்கவோ, தம் கையால் உண்ணவோகூடப் பலருக்கு அனுமதி இல்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு இதயத் தசையின் ஒரு பகுதி மடிந்துபோகிறது. அந்த இடத்தில் உறுதியான தழும்பு உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் உடலை அசைத்தால் இதயம் கிழிந்துவிடுமோ என்று அஞ்சினார்கள். நடந்தது வேறு. அசையாமல் கிடந்தவர்களின் கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டிகள் நுரையீரலுக்குச் சென்று அடைத்துப் பல உயிர்களைக் கொண்டு போயின. 1952-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும், நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பது நல்லது என்று எழுதினார்கள். அவர்களுடன் பணிபுரிந்த இளம் மருத்துவர்களே அதைக் கடுமையாக எதிர்த்தனர். நாற்காலியில் உட்காருவதே அன்று அத்துமீறலாகக் கருதப்பட்டது!

அந்தக் காலத்து மருத்துவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் நோயாளியிடம் கொண்ட பரிவினாலேயே அவ்வாறு செய்தனர். ஆயினும் அவர்களது கணக்கேட்டில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. எழுந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணி எண்ணிப் பார்த்தார்கள். எழாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதவே இல்லை. அச்சத்தை இனங்காண இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தோன்றவில்லை. செய்வதன் ஆபத்தை அது பைசா பாக்கியின்றிக் கணக்கிடும். செய்யாதிருப்பதன் ஆபத்திற்கு நேரே பூஜ்யம் போட்டுவிடும். விவேகமோ இரு பக்கங்களையும் எழுதிக் கூட்டிப் பார்க்கும். கூட்டிய பிறகு அதுவும் சில வேளைகளில் 'வேண்டாம்' என்றே சொல்லக்கூடும்.

அந்த வெறுமையான பக்கம் மெல்ல மெல்ல நிரம்பியது. 1953-இல் ஜெரமி மாரிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களிடம் இதயநோய் குறைவாகக் காணப்பட்டது. மாரடைப்புக்குப் பின் முறையாக மேற்பார்வையிடப்படும் உடற்பயிற்சி, இதயநோயால் நேரும் மரணத்தையும் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதையும் குறைக்கிறது என்பது இன்று உறுதியாகிவிட்டது. அத்தகைய பயிற்சிக் கூடங்கள் பலவற்றில் நோயாளியை ஏற்றி உட்கார வைப்பது, ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளில்தான்!

சைக்கிளுக்கும் இதய மருத்துவத்திற்கும் உள்ள உறவைச் சொல்லும்போது ஒரு பெயரை விட்டுவிட முடியாது. 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வர் நகரில் மாரடைப்பு ஏற்பட்டது. அவரைப் பார்ப்பதற்காகப் பாஸ்டனிலிருந்து பால் டட்லி ஒயிட் வரவழைக்கப்பட்டார். ஒயிட் சைக்கிள் ஓட்டுவதில் பெருவிருப்பம் உள்ளவர், முதுமையிலும் ஓட்டியவர், மற்றவர்களையும் ஓட்டச் சொன்னவர். மாரடைப்பு வந்தவரின் செயல்வாழ்வு முடிந்தது என்று பலரும் நம்பிய காலம் அது. ஐசனோவர் பணிக்குத் திரும்பினார். 1956 தேர்தலில் மீண்டும் வென்றார். 1969 வரை வாழ்ந்தார். பிற்காலத்தில் அவருக்கு மீண்டும் மாரடைப்புகள் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செயலுக்குத் திரும்பியது அவருக்கு எந்த உத்தரவாதத்தையும் தந்துவிடவில்லை. பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரையோரம் செல்லும் சைக்கிள் பாதை இன்று ஒயிட்டின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். புனே நகரின் கட்கிப் பகுதியில், கிர்க்கி என்று பழையவர்கள் சொல்லும் அந்த இடத்தில், வெடிமருந்துத் தொழிற்சாலையை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. புனே ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. இன்று அங்கும் மோட்டார் வாகனங்களின் ஆட்சிதான். ஆலைக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சைக்கிளிலேயே சென்று வந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவரை நான் அறிவேன். அவருக்கு மாரடைப்பு வந்தது. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதம் நடைப்பயிற்சி செய்தார். டிரெட்மில் சோதனையும் நல்லபடியாக முடிந்தது. சமதரையில், நிதானமாகச் சைக்கிள் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆனாலும் அவர் ஏறவில்லை. ஞாயிறுதோறும் சைக்கிளைத் துடைப்பார், சங்கிலிக்கு எண்ணெய் விடுவார், காற்று இருக்கிறதா என்று டயரை அழுத்திப் பார்ப்பார், மறுபடி சாத்திவிடுவார். அவருடைய மனைவி, "எனக்காக இனிமேல் சைக்கிள் வேண்டாங்க" என்று ஒரே ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார். அந்த 'எனக்காக' என்ற சொல்லை அவரால் தாண்ட முடியவில்லை.

நம் கேள்வி உண்மையில் கடினமாவது இங்கேதான். தன் அச்சத்தை மட்டும் வெல்ல வேண்டியிருந்தால் தைரியம் ஒன்றே போதும். அன்பின் வடிவில் வரும் அச்சத்தை என்ன செய்வது? 'என் உடல், என் விருப்பம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதற்குப் பெயர் வீரமாகாது. அவர் விழுந்தால் அதைச் சுமக்கப் போவது அந்த அம்மையார்தான். அதே வேளையில், பிறருடைய பயத்திற்காக ஒருவர் தம் வாழ்வைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போனால், அன்பு எதைக் காக்க விரும்பியதோ அதுவே தேய்ந்துபோகும். இந்த முடிச்சை இருவரில் ஒருவர் தனியாக அவிழ்க்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அவர்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்க இருவரும் சேர்ந்து போனார்கள். என்ன தயக்கம் என்று மருத்துவர் அந்த அம்மையாரிடமே கேட்டார். "வழியில் ஏதாவது ஆனால் எனக்கு யார் வந்து சொல்வார்கள்?" என்றார் அவர். அத்தனை மாதங்களும் வீட்டில் பேசப்படாமல் இருந்தது இதுதான். மரணத்தைக்கூட அவர் ஓரளவு எண்ணிப் பார்த்துவிட்டார்; தமக்குத் தெரியாமல் தெருவோரத்தில் அது நிகழ்வதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதற்கு வழி இருந்தது. தினமும் ஒரே பாதை, துணைக்கு அடுத்த தெரு நண்பர், திரும்பும் நேரம் இன்னதென்ற பேச்சு, சட்டைப் பையில் கைப்பேசி, அதனுடன் நோயையும் மருந்துகளையும் வீட்டு எண்ணையும் எழுதிய அட்டை.

இதற்கு நேர்மாறான ஒரு வகையினரும் உண்டு. வீட்டிற்கு வந்த இரண்டாம் வாரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு மேடு ஏறிக் காட்டுவார்கள். 'நான் பழைய ஆள்தான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பார்கள். உலகம் அவர்களைத் தைரியசாலிகள் என்று புகழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடந்ததை நேருக்கு நேர் பார்க்க முடியாமல்தான் அவர்கள் அத்தனை வேகமாக மிதிக்கிறார்கள். ஒருவர் வீட்டிற்குள் ஒளிகிறார், மற்றவர் வேகத்திற்குள் ஒளிகிறார்.

இறங்குவதற்கும் தைரியம் வேண்டும். இத்தாலிய வீரர் சன்னி கொல்பிரெல்லி 2021 அக்டோபரில் பாரிஸ்-ரூபே என்ற புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தை வென்றவர். 2022 மார்ச்சில் ஸ்பெயினில் ஒரு பந்தயத்தின் எல்லையைக் கடந்ததும் சரிந்து விழுந்தார், இதயம் நின்றுபோயிருந்தது. அது மாரடைப்பிலிருந்து வேறுபட்ட, துடிப்பின் தாளம் குலைந்த நிலை. உயிர் மீட்கப்பட்டு, அவர் மார்பில் ஒரு கருவி பொருத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், 32-ஆம் வயதில், பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் தம் கணக்கின் இரு பக்கங்களையும் எழுதிப் பார்த்திருப்பார் என்றே தோன்றுகிறது.

கட்கி அன்பர் என்னிடம் ஒருமுறை, "முன்பெல்லாம் பயமே இல்லாமல் ஓட்டினேன்" என்றார். அது உண்மையில் பயமின்மைதானா? பாம்பைக் கயிறு என்று எண்ணிப் பிடிக்கும் குழந்தைக்கும் பயமில்லை. அவர் கவலையின்றி மிதித்த ஆண்டுகளிலேயே அவருடைய இரத்தக் குழாய் உள்ளுக்குள் சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டுதான் இருந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது ஏறத்தாழ 53 என்றும், மற்ற நாட்டவருக்கு அது 59-ஐ ஒட்டியது என்றும் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. அந்த அபாயம் நேற்றும் இருந்தது, தெரியாமல் இருந்தது. இன்று தெரிந்திருக்கிறது. ஆகவே, பழைய நம்பிக்கை திரும்பி வர வேண்டும் என்று காத்திருப்பவர் வராத ஒன்றிற்காகக் காத்திருக்கிறார். அந்த நம்பிக்கை அறியாமையில் வேர் கொண்டது. இனி வரக்கூடியது வேறொன்று: மறுபடியும் வரலாம் என்று அறிந்து, அதற்குரிய ஏற்பாடுகளைச் செய்துவிட்டு, அந்த அறிவுடனேயே ஏறி அமர்வது.

அந்த ஏற்பாடுகளில் சிரத்தை வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவருக்கு நாடித்துடிப்பை மட்டும் வைத்து உழைப்பை அளவிட முடியாது. மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருபவருடன் தடையின்றிப் பேச முடிகிறதா என்று பார்ப்பது எளிய வழி. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவருக்குச் சிறு விழுதலிலும் இரத்தப்போக்கு மிகும், தலைக்கவசம் அவசியம். முதல் பத்து நிமிடம் மெதுவாகவே செல்ல வேண்டும். நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ இறுக்கம் தோன்றினால் அக்கணமே நின்று, உட்கார்ந்து, உதவியை அழைக்க வேண்டும். 'அந்த மரம் வரை போய்விடலாம்' என்பது கூடாது.

அவர் இப்போது காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஆற்றுப் பாலம் வரை போய் வருகிறார். வழியில் ஒரு சிறு மேடு இருக்கிறது. பணிக்காலத்தில் அங்கே மற்றவர்களை முந்திக்கொண்டு ஏறுவாராம். இன்று அதன் அடிவாரத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறார். கடந்து செல்பவர்களில் யாராவது வேகத்தைக் குறைத்து, "பஞ்சரா?" என்று கேட்பதுண்டு.

"இல்லை, மேடு" என்கிறார் அவர்.