முடிந்த பேரமும் முடியாத கடனும்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தாக்கலாயிற்று. தொடுத்தவர்கள் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி என்னும் பெரிய சினிமாக் கம்பெனியார். எதிரி மிட்ஜர்னி என்னும் கம்ப்யூட்டர் கம்பெனி. இன்ன படம் வேண்டுமென்று நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால், சில விநாடிகளில் மிட்ஜர்னியின் யந்திரம் படத்தைத் தந்துவிடும். சூப்பர்மேன், பேட்மேன், பக்ஸ் பன்னி முதலிய தங்கள் சித்திரப் பாத்திரங்களை அனுமதியின்றி எடுத்து யந்திரத்தைப் பழக்கிக் காசு சம்பாதிக்கிறார்கள் என்பது வார்னர் கம்பெனியாரின் முறையீடு. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் டிஸ்னியும் யுனிவர்சலும் இதே கம்பெனி மீது வழக்குத் தொடுத்திருந்தன. அதற்கும் முன்னால், 2023 ஜனவரியிலேயே, மூன்று ஓவியர்கள் தங்கள் சொந்தப் பெயரில் நீதிமன்றம் ஏறிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய கம்பெனிகள் பின்னால்தான் வந்தன.

பிறர் உழைப்பை விலை கொடாமல் எடுப்பது தகாது என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்த வழக்கில் சூப்பர்மேன் என்ற பெயரைக் கண்டதும் நமக்கு ஒரு பழைய செக் நினைவுக்கு வந்தது.

ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இருவர் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளிக்கூடத்து நண்பர்கள். சீகலின் தகப்பனார் துணிக்கடை வைத்திருந்தவர். 1932இல் கடையில் திருடர் புகுந்தபோது அங்கேயே விழுந்து மாண்டார். ஷஸ்டரின் தகப்பனார் தையற்காரர். நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்ளலாம். சீகல் கதை எழுதுவார், ஷஸ்டர் படம் வரைவார். சூப்பர்மேன் கதையை வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் பத்திரிகைக்காரர்களின் வாசற்படியெல்லாம் ஏறி இறங்கினார்கள், ஒருவரும் வாங்கவில்லை. கடைசியில் 1938 மார்ச்சில் ஒரு சித்திரக் கதைக் கம்பெனி வாங்கிற்று. பக்கம் 10 டாலர், 13 பக்கம், ஆக 130 டாலர். மற்ற வேலைகளுக்கான கூலியும் சேர்த்து 412 டாலருக்கு ஒரே செக். அதில் இருவர் பெயரும் தப்பாக எழுதப்பட்டிருந்தபடியால், தப்பான பெயரிலும் சரியான பெயரிலும் இரண்டு முறை கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கினார்கள். அந்தப் பணத்தோடு சூப்பர்மேன் மீதுள்ள சகல உரிமையும் கைமாறியது.

அந்தச் செக்குக் கடிதாசி மட்டும் 2012இல் 1 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. சூப்பர்மேன் முதன்முதல் வெளிவந்த புத்தகத்தின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. சினிமாவிலும் விளையாட்டுச் சாமான்களிலும் வந்த வருவாயைக் கணக்கிட நம்மால் ஆகாது.

இந்தக் கதையைக் கடைத்தெருவில் சொன்னால் நம்மவர்கள் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். “மிளகு கொள்முதல் செய்கிறோம், மறு மாதம் விலை ஏறுகிறது. விற்றவன் திரும்பி வந்து மேல்பணம் கேட்டால் கொடுப்போமா? விலை இறங்கினால் அவன் நமக்கு நஷ்டத்தைத் திருப்பித் தருவானா?” என்பார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. முடிந்த பேரம் முடிந்ததுதான் என்ற உறுதி இல்லாவிட்டால் சந்தை ஒரு நாள்கூட நடக்காது. மேலும், அந்தக் கம்பெனிக்காரர் விலைபோகாத கதைகளையும் பணம் கொடுத்து வாங்கியவர்தாம். சூப்பர்மேன் நன்றாக ஓடிய பின் பல ஆண்டுகள் இவ்விருவருக்கும் வேலையும் நல்ல கூலியும் கொடுத்து வந்தார் என்பதும் உண்மை.

எனினும் மிளகும் படமும் ஒன்றல்ல. மிளகின் விலை வாங்குபவனுக்கும் தெரியும், விற்பவனுக்கும் தெரியும். தெரியாவிட்டால் பக்கத்துக் கடையில் விசாரிக்கலாம். புதிதாக வரைந்த ஒரு படத்தின் விலை ஆண்டவனைத் தவிர யாருக்கும் தெரியாது. மிளகு ஒரு முறை விற்றுக் கறியில் கரைந்துவிடும். படமோ ஒரு முறை வாங்கினால் ஆயிரம் முறை விற்கிறது. இதை அமெரிக்கச் சட்டமே ஒருவாறு ஒப்புக்கொண்டிருக்கிறது. 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், இத்தகைய உரிமையை விற்றவர் 35 ஆண்டுகளுக்குப் பின்பும், பழைய நூல்களானால் 56 ஆண்டுகளுக்குப் பின்பும், அறிவிப்புக் கொடுத்துத் திரும்பப் பெற வழி வைத்திருக்கிறது. கூலிக்கு அமர்த்திச் செய்வித்த வேலைக்கு மட்டும் அது பொருந்தாது. வேறு எந்தச் சரக்குக்காவது இப்படி ஒரு சட்டம் உண்டா?

ஆகவே, 1938இல் செக் எழுதியவர் யாரையும் ஏமாற்றவில்லை என்றே நாம் கருதுகிறோம். அன்று அவருக்கும் ஒன்றும் தெரியாது. குற்றம் பின்னால் வந்தது. 1947இல் இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு சுமார் 94,000 டாலருக்குச் சமரசமாயிற்று. அதில் பெரும் பகுதி வழக்குச் செலவுக்கே போயிற்று. அதன்பின் சூப்பர்மேன் புத்தகங்களிலிருந்து இருவர் பெயரும் எடுக்கப்பட்டுவிட்டன. இந்த இடத்தில்தான் நமக்கு மனம் ஒப்பவில்லை. வரைந்த படத்தை விற்கலாம், அதனால் வரும் வருவாயை விற்கலாம். வரைந்தவன் இன்னான் என்ற உண்மையை யார் விற்க முடியும், யார் வாங்க முடியும்? அது சரக்கே அன்று.

1975இல் சீகல் ஒரு குமாஸ்தா வேலையில் இருந்தார். ஷஸ்டருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. சூப்பர்மேன் பேசும்படம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி கேட்டு, சீகல் மனம் வெந்து பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற சித்திரக்காரர்கள் அவ்விருவருக்காக ஊரெல்லாம் பேசினார்கள். அப்போது கம்பெனி வார்னர் வசம் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டாலர் கொடுப்பதாகவும் பெயரைத் திரும்பப் போடுவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டாலும், கொடுத்தார்கள். ஆனால் 37 ஆண்டுகள் கழித்து, ஊர் சிரித்த பிறகு.

கேளாமல் கொடுத்தவர்களும் உண்டு. நைக்கி சப்பாத்தில் இருக்கும் வளைந்த கோட்டை 1971இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி. கூலி 35 டாலர். 1983இல் கம்பெனியார் அவரை அழைத்து விருந்து வைத்து, வைரம் பதித்த மோதிரமும் கம்பெனிப் பங்குகளும் கொடுத்தார்கள். அவர் வழக்குத் தொடுக்கவில்லை, பத்திரிகைக்கும் எழுதவில்லை. அந்தக் கோட்டின் மதிப்புக்கு அது ஈடாகுமா என்று கேட்டால் ஆகாது. ஈடு செய்வது வேறு, மறக்காமல் இருப்பது வேறு.

அமெரிக்கக்காரரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நம் கடையைப் பற்றிச் சொல்லாமலிருப்பது நேர்மையாகாது. நம் மசாலைத்தூள் பொட்டலத்தின் மேல் ஒரு கப்பல் படம் உண்டு. சுமார் 40 ஆண்டுகளுக்கு முன் கடைப் பலகை எழுதும் ஒருவர் வரைந்து கொடுத்தது. நூறு வெள்ளிக்குள்தான் கொடுத்திருப்போம், ரசீதுகூட இல்லை. எழுத்துத் தெரியாத வாடிக்கையாளரும் “கப்பல் தூள்” என்றே கேட்டு வாங்குகிறார்கள். தூளைவிடக் கப்பல்தான் அதிகம் விற்றதோ என்று சில சமயம் நினைப்பதுண்டு.

சென்ற மாதம் மகன் வந்து, “வாப்பா, இந்தக் கப்பலைக் கம்ப்யூட்டரில் போட்டால் புதுசா, அழகா வரைந்து தந்துவிடும், காசே வேண்டாம்” என்றான். அரை நிமிஷத்தில் நாலு கப்பல் காட்டவும் செய்தான். அழகாகத்தான் இருந்தன. இவற்றுக்கு யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்டோம். யாருக்கும் இல்லை என்றான். யந்திரம் எத்தனை பேருடைய கப்பல்களைப் பார்த்து இதைக் கற்றதோ, அவர்களைத் தேடிப் போக வழியில்லை. பழைய கப்பலுக்கு அந்த வழி இன்னும் அடைபடவில்லையே என்று அப்போதுதான் தோன்றிற்று.

பலகை எழுதியவரின் முழுப் பெயர் நமக்குத் தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். பழைய கடைத்தெருவில் நாலைந்து பேரிடம் விசாரித்தோம். அவர் மகளோடு ஜோகூருக்குக் குடிபோய்விட்டதாக ஒரு தையற்கடைக்காரர் சொன்னார். அடுத்த மாதம் சரக்கு விஷயமாக நாம் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.