அலமாரி இல்லாத அறை

சென்னையின் பழைய வாடகை வீடுகள் பலவற்றில் படுக்கையறை என்றால் நான்கு சுவர், ஒரு ஜன்னல், அவ்வளவுதான். கப்போர்டு கிடையாது. ஆணி அடிப்பதற்கும் ஹவுஸ் ஓனரிடம் கேட்க வேண்டும். நான் இருப்பதும் அப்படியோர் அறையில்தான். துணிகளுக்கு இடம் தேடும் முன் அவற்றை எல்லாம் கட்டிலில் பரப்பி உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் என்ன வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும்.

•

பருத்தி எந்த மடிப்புக்கும் இணங்கும். ஸ்வெட்டரைத் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே தோள் இறங்கிவிடும். அதை மடித்துத்தான் வைக்க வேண்டும். பட்டு வெளிச்சத்தில் நிறம் மங்கும். கம்பளியை அந்துப்பூச்சியின் புழு அரிக்கும். கஞ்சி போட்ட வேட்டியை வெள்ளிப்பூச்சி தேடி வரும். காற்று, இருட்டு, மடிப்பு: இந்த மூன்றில் எது எதற்கு என்று பிரித்ததும் அறை தானே இடம் காட்டத் தொடங்கியது.

•

பீரோ வருவதற்கு முன்பும் வீடுகளில் துணி இருந்தது. உத்தரத்திலிருந்து இரண்டு கயிறு, அதில் குறுக்காக ஒரு மூங்கில். அன்றாடம் உடுத்துவது அந்தக் கொடியில் காற்றாடும். விசேஷத்துக்கு உடுத்துவது பெட்டிக்குள், பழைய வேட்டித் துணியில் சுற்றி இருக்கும். கை அடிக்கடி போகும் துணிக்குக் காற்று, எப்போதோ போகும் துணிக்கு இருட்டு. இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

•

கொடியின் இடத்தில் இப்போது தரையில் நிற்கும் ஓர் இரும்புக் குழாய் ஸ்டாண்டு. ஹேங்கரில் மாட்டிய சட்டைக்கு ஏறக்குறைய 2 அடி ஆழம் வேண்டும். நீளமான குர்த்தா தரையில் படாமல் தொங்க, குழாய் ஐந்தரை அடி உயரத்தில் இருந்தால் போதும். ஸ்டாண்டை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்கவில்லை; ஒரு கை நுழையும் இடைவெளி விட்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவர் ஓதம் காக்கும். ஒட்டியிருக்கும் துணியில்தான் முதலில் பூஞ்சைப் புள்ளி விழும். மேலே பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். நைந்துபோன பருத்திப் புடவை ஒன்றைத் திரையாகப் போட்டிருக்கிறேன். தூசியைத் தடுக்கிறது, காற்றை விடுகிறது.

•

கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி. அதற்கு நான்கு மூலையிலும் மரக்கட்டை. வீடு துடைக்கும் தண்ணீர் தொடாது. அதில் அம்மாவின் காஞ்சிபுரம் பட்டு இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பிரிக்கிறேன். பழைய மடிப்புக் கோடு விரலுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் ஜரிகை சற்றே சொரசொரப்பாக இருக்கும். நெடுநாள் ஒரே கோட்டில் மடிந்திருந்தால் இழை அங்கேதான் அறும். அதனால் கோட்டை நான்கு விரல் தள்ளி, ஜரிகை உள்பக்கம் போகும்படி புதிதாக மடிக்கிறேன். அந்துருண்டை புடவையோடு சேராது. பெட்டியின் மூலையில் துணி முடிச்சில் வசம்பு.

•

கதவில்லாத இடத்தில் எதையும் தள்ளி மறைக்க முடியாது. உடுத்தாமலே தொங்கும் சட்டை தினமும் கண்ணில் படுகிறது. அதை உடுத்துகிறவர் கைக்குப் போய்ச் சேர்ப்பதும் துணியைப் பேணுவதில் ஒரு பகுதிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

•

மழைக்காலம் முடிந்து தை வெயில் வந்ததும் எல்லாவற்றையும் உதறி, நிழலில் காற்றாடப் போட்டு, பெட்டியையும் வெயிலில் காயவைத்துத் திரும்ப அடுக்க வேண்டும். நாளை அலமாரியுள்ள வீட்டுக்குப் போனாலும் இதை விடப்போவதில்லை. அங்கே வாரம் ஒருநாள் கதவைத் திறந்து வைப்பேன்.