பூட்டியவருக்கு நன்றி சொல்வதா?

சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து 1933-ல் எடுத்த ஊமைப்படம் 'மார்த்தாண்ட வர்மா'. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தக நிலையம் கேஸ் போட்டு படத்தை முடக்கியது. பிலிம் சுருள் அவர்களிடமே கிடந்தது. 1974-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்தது. 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியாரின் படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை.

"அப்ப கேஸ் போட்டவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்கிறார் கடலூரில் வக்கீலாக இருக்கும் நண்பர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர்கள் காத்தது உரிமையை, படத்தை அல்ல.

எங்கள் சிதம்பரத்துக் கதை அவருக்கும் தெரியும். தேவார ஏடுகள் கோயிலில் பூட்டிய அறையில் இருந்தன. ராஜராஜன் திறக்க வைத்தபோது புற்று மூடிக் கிடந்தது. செல்லரித்தது போக மிச்சம்தான் நாம் பாடுவது. பூட்டு காத்ததா, கரையானுக்குக் கொடுத்ததா?

"திறக்க வச்சவனுக்குத்தான் என் நன்றி" என்றேன்.

"பூட்டலைன்னா திறக்க என்னய்யா இருந்திருக்கும்?"

இன்னும் பதில் சொல்லவில்லை.