கையெழுத்தும் கையும்

முதலாளிகளுக்கு வக்கீல்கள் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு. "எதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பதே அது. நல்ல யோசனைதான். எழுதி வைக்காத நியாயம் கோர்ட்டில் ஊமையாகிவிடும். ஆனால் அந்த யோசனையைக் கேட்டுத் திரும்பும் முதலாளியின் மனத்தில் என்ன நேர்கிறது என்பதே என் கேள்வி.

அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் தம் அலமாரியிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்துக் காட்டினார். காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்கிறவர்கள், 'அபாயத்தை அறிவேன். என் பொறுப்பிலேயே வேலை செய்கிறேன்' என்று கையொப்பமிட்டிருந்தார்கள். இயந்திரத்தின் காப்புத் தடுப்போ கழற்றிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது.

"இதை மாட்டும்படி யாரும் கேட்கவில்லையா?" என்றேன்.

"கேட்டார்கள். அவசர வேலை முடியட்டும் என்றேன். அதுதான் கையெழுத்து இருக்கிறதே, சார்!"

இந்த மனநிலைக்கு வயது அதிகம். இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்ற வேலையாள், தன் எஜமானரான ஃபவுலர் என்ற கசாப்புக்கடைக்காரர்மேல் வழக்குத் தொடுத்தான். பாரம் மிகுந்த வண்டி உடைந்து அவன் தொடையெலும்பு முறிந்திருந்தது. ஜூரிகள் நூறு பவுன் கொடுக்கச் சொன்னார்கள். 1837-இல் நீதிபதிகள் அதை மறுத்துவிட்டார்கள். ஆபத்து எஜமானரைப் போலவே வேலையாளுக்கும் தெரிந்திருக்கும். விருப்பமில்லையென்றால் அவன் மறுத்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

மறுத்திருக்கலாம்! மாலையில் அரிசி வாங்கிக்கொண்டு வீடு திரும்பவேண்டியவனுக்கு அந்தச் சுதந்திரம் எவ்வளவு இருக்கும்? 'முடியாது' என்று சொல்ல வசதியுள்ளவன் தருவதே சம்மதம். மற்றவன் தருவது வெறும் கையெழுத்து.

நம் நாட்டில் 1923-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இதை உணர்ந்திருந்தது. நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது அதன் 17-ஆவது பிரிவு. 1948-இன் தொழிற்சாலைச் சட்டமும், அபாயமான இயந்திரப் பகுதிகளுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றது. எச்சரிக்கைப் பலகை போதும் என்று சொல்லவில்லை.

முதலாளியின் பக்கத்தையும் அந்தச் சட்டம் மறக்கவில்லை. தொழிலாளி குடித்துவிட்டு வந்தோ, வேண்டுமென்றே காப்பைக் கழற்றியோ காயப்பட்டால், உயிரிழப்பு போன்ற பெருங்கேடுகள் தவிர மற்றவற்றுக்கு முதலாளி பொறுப்பல்ல என்று 1923-இன் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. நியாயந்தான். தன் மெத்தனத்துக்குப் பிறரைப் பொறுப்பாக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் முதலாளியின் அவசரத்துக்காகக் காப்பு கழற்றப்பட்டிருந்தால், அது யாருடைய மெத்தனம்?

வக்கீலிடம் போகிறவர் இரண்டு கேள்விகளில் ஒன்றை எடுத்துச் செல்லலாம். 'விபத்து நேர்ந்தால் நான் எப்படித் தப்புவேன்?' என்பது ஒன்று. 'விபத்து நேராதிருக்க நான் என்ன செய்யவேண்டும்?' என்பது மற்றொன்று. முதற்கேள்வியால் பதிவேடு தடிக்கும். இரண்டாவதால் இயந்திரத்துக்குத் தடுப்பு வரும். அதற்குப் பிறகு எழுதி வைக்கும் பதிவேட்டுக்கும் ஓர் அர்த்தம் வரும்.

சட்டத்துக்குப் பயந்து தடுப்புப் போடுவது தர்மமாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். பயத்தால் காப்பாற்றப்பட்ட விரலும் விரல்தானே! பயத்தை நான் இகழமாட்டேன். ஆனால் அது இன்ஸ்பெக்டரோடு வந்து அவரோடேயே போய்விடும். அவர் போன பிறகும், ஆர்டர் அவசரமாக இருக்கும்போதும், கழற்றப்படாத தடுப்பு எதுவோ அதற்குத்தான் தர்மம் என்று பெயர்.